ஆட்டோவுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் பொட்டு வைக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பொட்டு, மிக்சிக்குப் பொட்டு, குடோன் ஷட்டருக்குப் பொட்டு. இன்வெர்ட்டர் ஒரு தடவை ஷாக் அடித்ததிலிருந்து அதற்கு மட்டும் மூன்று பொட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார் என்றால் வீட்டில் அசையாமல் நிற்கிற எதுவும் தப்பாது. நான் பின்னாலேயே ஈரத்துணியோடு போய்த் துடைத்துக்கொண்டே வருவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஒரு பெரிய கம்பெனி உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியபோது குறுக்கே வந்து நின்றது இந்தச் சந்தனக் கிண்ணம்தான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் அந்தக் கம்பெனியின் ஏஜெண்ட் நான். சோப்பு, ஷாம்பு, பற்பசை, துணி துவைக்கிற பவுடர் எல்லாம் எங்கள் குடோனுக்கு வந்து, அங்கிருந்து சித்தேரி மலையடிவாரம் வரைக்கும் உள்ள சின்னச் சின்னக் கடைகளுக்குப் போகும். ஆரம்பத்தில் ஒரு மொபெட்டில் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நானே ஊர் ஊராகப் போனேன். என் வீட்டுக்காரர் அப்போது கோழிப்பண்ணை வைத்தார், கோழிக்குச் சீக்கு வந்தது. காளான் வளர்த்தார், அவர் வளர்க்காத காளான்தான் வளர்ந்தது. கடைசியில் என்னுடைய வியாபாரத்துக்கே வந்து சேர்ந்துகொண்டார். குடோன் வாசலில் கம்பெனி பெயருக்குக் கீழே என் பெயர் போட்ட போர்டு ஒன்று தொங்குகிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு பொம்பளை பெயர் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறு எங்காவது அச்சானது அதுதான் முதல் தடவை. அந்தப் போர்டின் மேல் எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நகைமேல்கூட அவ்வளவு ஆசை கிடையாது.

அந்தப் போர்டுக்குத்தான் ஆபத்து வந்தது. சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் ஏஜெண்டுகளை எல்லாம் கூப்பிட்டு மீட்டிங் போட்டார்கள். கம்பெனி இனிமேல் புகையைக் குறைக்கப் போகிறதாம். ஃபேக்டரியில் குறைக்கிறார்களாம், பாக்கெட்டில் குறைக்கிறார்களாம், சரக்கு கொண்டுபோகிற வண்டியிலும் குறைக்க வேண்டுமாம். பூமி சூடாகிக்கொண்டே போகிறது என்று மேடையில் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். ஹாலில் ஏசியைக் கூட்டி வைத்திருந்ததில் எங்களுக்குப் பல் கிட்டித்துப்போனது. முன்வரிசைக்காரர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். அது மரியாதைக்கா, குளிருக்கா என்று கடைசி வரை தெரியவில்லை.

"பூமி சூடாவுதுன்னு சொல்றாங்க, இங்க என்னா இப்படிக் குளுருது?" என்றார் என் வீட்டுக்காரர், சத்தமாக.

"கம்முனு இருங்க" என்றேன்.

மாடு ஏப்பம் விட்டாலும் பூமி சூடாகும் என்று மேடைக்காரர் அடுத்துச் சொன்னார். இவர் எழுந்து நின்றார். "ஐயா, எங்க வூட்ல ரெண்டு மாடு கீதுங்க. அதுங்களுக்கும் எதனா வாய்க்கூடு மாட்டணுங்களா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. கேள்வி கேட்ட ஒரே ஏஜெண்ட் புருஷன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

மீட்டிங்கின் கடைசியில்தான் விஷயம் வந்தது. டீசல் வேனை விட்டுவிட்டுப் பேட்டரி ஆட்டோவுக்கு மாற வேண்டும். மாறினால் மட்டும் போதாது. கம்பெனி ஆள் ஒருவர் கூடவே வந்து பார்ப்பார். வண்டி ரூட்டில் கடைசிக் கடை வரை போய்ச் சொட்டு டீசல் படாமல் குடோனுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த ரூட்டைத் தருமபுரியில் இருக்கிற பெரிய ஏஜெண்டோடு சேர்த்துவிடுவார்கள். அவரிடம் பெரிய பேட்டரி வண்டிகள் இருந்தன. என்னிடம் போர்டு மட்டும்தான் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ரூட்டில் உள்ள கடைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தேன். இவர் மீட்டிங்கில் கொடுத்த மரக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஆட்டோ வந்தது. பச்சைக் கலர், பின்னால் பெட்டி. பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் சத்தமே கிடையாது. எங்கள் டிரைவர் பல வருஷமாக டீசல் வேன் ஓட்டியவன். சாவியைத் திருகிவிட்டு, "அக்கா, ஸ்டார்ட் ஆவல" என்றான். காலை அழுத்தியதும் வண்டி குடோன் சுவரில் போய் முட்டியது. அதற்கப்புறமும் இடது கால் கிளட்சைத் தேடி அந்தரத்தில் மிதித்துக்கொண்டே இருந்தது. ரோட்டில் படுத்திருக்கிற நாய்கள் வேன் சத்தம் கேட்டால் இரண்டு தெரு முன்னாலேயே எழுந்து நிற்கும். இந்த வண்டி பக்கத்தில் வந்தும் அவை கண்ணைத் திறக்கவில்லை. டிரைவர் இறங்கிப் போய் ஒவ்வொரு நாயாக எழுப்பிவிட்டு வந்து ஓட்டினான்.

"சத்தமில்லாம ஒரு வண்டி வந்தா யாரு மதிப்பாங்க?" என்று என் வீட்டுக்காரர் மாட்டுக்குக் கட்டுகிற சலங்கையை எடுத்து முன்னால் கட்டினார். அதோடு விட்டாரா? இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே மாவிலை, நெற்றியில் எலுமிச்சம்பழம். நான்கைந்து நாளில் வாழைக்கன்று காய்ந்தது. புதிதாக வெட்டி வந்து கட்டினார்.

சார்ஜ் போடுகிற விதம் எளிதுதான். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் ஓட்டை ஓட்டையாக ஒரு சாக்கெட், அதற்கு மேலே ஒரு குட்டி விளக்கு. ஒயரை மாட்டினால் விளக்கு சிவப்பாக எரியும். சார்ஜ் நிறைந்தால் பச்சையாகிவிடும். "செவப்புன்னா ஏறிகினு இருக்குது, பச்சைன்னா போதும்" என்று இவருக்குப் பாடம் எடுத்து, திரும்ப ஒப்பிக்கவும் வைத்தேன். நன்றாகத்தான் ஒப்பித்தார்.

பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம், வருகிற ஆளுக்கு என்ன சமைப்பது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கறி சாப்பிடுகிறவரா, சைவமா என்பது தெரியவில்லை. இரண்டுமே செய்துவிடலாம் என்று மசாலா அரைத்துக்கொண்டிருந்ததில் ஈரத்துணியை மறந்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காலையில் கம்பெனித் தம்பி வந்தான். சின்னப் பையன், மெட்ராஸ்காரன், கழுத்தில் அடையாள அட்டை, காலில் வெள்ளை ஷூ. சேலத்திலிருந்து டீசல் காரில்தான் வந்தான். நான் பார்த்துக்கொண்டேன்.

"சார்ஜ் ஃபுல்லா மேடம்?" என்றான்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒயர் மாட்டியிருந்த இடத்தில் எட்டிப் பார்த்தார். "செவப்பாத்தான் கீது. இன்னும் ஏறிகினு இருக்குது" என்றார்.

சரி, ஏறட்டும் என்று இட்லி போட்டேன். தம்பி சாப்பிட்டான். வீட்டுக்காரர் மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் செவப்புதாங்க" என்றார். காபி கொடுத்தேன். "இன்னும் செவப்பு." ராத்திரி முழுக்க ஏறியும் போதவில்லையா, இந்த வண்டிக்கு என்ன பசி பசிக்கிறது என்று எனக்கே ஆச்சரியம். "போதும் மேடம், நிறைய இருக்கும், கிளம்பலாம்" என்றான் தம்பி. சார்ஜ் எவ்வளவு என்று வண்டிக்குள் ஒரு திரை காட்டும். அதன் குறுக்கே கெட்டியாக மூன்று பட்டை விபூதி. தம்பி விரலை நீட்டினான். "சாமி காரியங்க" என்றார் இவர். தம்பி பயந்து கையை மடக்கிக்கொண்டான். நானும் நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

முன்னால் டிரைவரும் தம்பியும். பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நான். பைக்கில் என் வீட்டுக்காரர். தம்பி அவரை நிறுத்தி, "சார், பைக் பெட்ரோல். கூட வரக்கூடாது" என்றான். அவர் மனசு ஒடிந்துபோய் பைக்கை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் ஷாம்புப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

போகிறபோது ஒரு குறையும் இல்லை. சலங்கைச் சத்தத்தோடு ஜம்மென்று போனோம். கடை கடையாகச் சரக்கு இறக்கினோம். மலையடிவாரத்தில் கடைசிக் கடை. அதை வைத்திருக்கிற அக்கா வேதக்காரக் குடும்பம், நான் மொபெட்டில் போன காலத்திலிருந்து பழக்கம். அங்கே பெட்டியை இறக்கிவிட்டு, டிரைவர் சாவியைத் திருகிக் காலை அழுத்தினான். வண்டி நகரவில்லை.

"அக்கா, ஸ்டார்ட் ஆவல" என்றான்.

"உனக்கு எப்பவும் அப்படித்தான் தெரியும், அழுத்து" என்றேன்.

"இல்லக்கா, இப்ப நெசமாலுமே ஆவல."

இறங்கிப் போய்த் திரையில் இருந்த விபூதியை நானே துடைத்தேன். உள்ளே ஒரு பெரிய பூஜ்யம். "எப்படி? காத்தால கூட செவப்பா எரிஞ்சுதே!" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அப்போதுதான் ஈரத்துணி ஞாபகம் வந்தது. பக்கவாட்டுக்குப் போய் மூடியைத் திறந்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. முந்தானையால் ஒரு துடை துடைத்தேன். அந்தச் சிவப்பு முந்தானையோடு வந்துவிட்டது. அடியில் விளக்கு அணைந்துபோய்க் கிடந்தது. கீழே சாக்கெட்டில் ஓட்டைக்கு ஓட்டை சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ராத்திரி முழுக்க ஒயர் சும்மா மாட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"அது வாய் இல்லியா, சாப்படற வாய். அதுக்கு வெக்காம எப்படி?" என்றார் இவர்.

நான் அவரைத் திட்டவில்லை. என் கண்ணுக்கு முன்னால் போர்டு மட்டும்தான் தெரிந்தது. தருமபுரியிலிருந்து ஆள் வந்து ஏணி போட்டு அதைக் கழற்றுகிறான், இவர் ஏணிக்குப் பொட்டு வைக்கிறார். அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

டிராக்டர்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிடுகிறேன் என்று வந்தார். தம்பி ஓடிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினான். "வேணாங்க, டீசல் பட்டா ஃபெயில் மேடம். வேற எப்படி வேணா வாங்க, டீசல் மட்டும் வேணாம்." பாவம், அவனுக்கும் என்னை ஃபெயிலாக்க மனசு இல்லை. அதிலும் நான் வைத்த கறிக்குழம்பு பாக்கியிருந்தது.

அங்கே மரத்தடியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எனக்குத் தெரிந்த முகங்கள். கடைக்கார அக்கா அவர்களைப் பார்த்து, "அடியே, எழுந்து வாங்கடி, சோப்புக்காரம்மா வண்டி நின்னுபோச்சு" என்று கத்தினார். பிறகு வண்டியின் கண்ணாடிமேல் விரலால் ஒரு சிலுவை போட்டார். "உங்க சாமிக்குப் பொட்டு வெச்சுத்தான நின்னுச்சு? எங்க சாமியும் ஒரு கை பாக்கட்டும்" என்று முதல் ஆளாகப் பின்னால் போய்க் கை வைத்தார்.

தள்ளினார்கள். அங்கிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் லேசான இறக்கம் என்பதால் வண்டி சுலபமாக உருண்டது. சாவி போட்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும் என்று டிரைவர் சொன்னான். எங்கள் பக்கத்தில் சாமி ஊர் ஊராகப் போகும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஊர்க்காரர்கள் தங்கள் எல்லை வரை கொண்டுவந்து அடுத்த ஊர்க்காரர்கள் கையில் ஒப்படைப்பார்கள். வாழைக்கன்று, மாவிலை, எலுமிச்சை, சலங்கை, உடம்பெல்லாம் சந்தனம் குங்குமம், பின்னால் ஒரு கூட்டம் என்று வந்தால் மனுஷருக்கு வேறு என்ன தோன்றும்? முதல் ஊர் எல்லை வந்ததும் பெண்கள் தள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் தயாராக நின்றிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிவிடவில்லை, சலங்கைச் சத்தம் சொல்லியிருக்கிறது. ஒருத்தி ஆரத்தி கரைத்தே எடுத்து வந்துவிட்டாள்.

ஆரத்தியைச் சுற்ற ஒரு முகம் வேண்டுமே. கம்பெனித் தம்பிதான் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கே சுற்றினார்கள். அவன் பதறிப்போய் இறங்கி நானும் தள்ளுகிறேன் என்றான். "நீ கம்முனு உக்காரு சாமி" என்று அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அதற்கடுத்த ஊரில் ஒருவர் அவன் கழுத்தில் மாலையே போட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் பாக்கெட்டிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தார். வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு தள்ளு தள்ளினார்கள்.

"இது என்னா சாமிங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"சுற்றுச்சூழலுங்க" என்றார் இவர். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் சிரித்தேன், பிறகு அழுதேன். காலிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதேன். இதே ரோட்டில்தான் மொபெட் பஞ்சராகி நான் தனியாக உருட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். அப்போது ஒரு கை வராதா என்று இருக்கும். இன்றைக்கு எத்தனை கை என்று எண்ணவே முடியவில்லை. ஏஜென்சி போனாலும் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே, ஏன் போகணும் என்று கோபம் வந்துவிட்டது.

குடோன் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். தம்பி மாலையைக் கழற்றிவிட்டு போனை எடுத்தான். மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது, இங்கே வந்ததும் வண்டியின் கணக்கு அதில் இறங்கியது. ஓடிய தூரம் முழுசாக இருந்தது. அதற்கு ஆகவேண்டிய கரண்டில் பாதிகூடச் செலவாகவில்லை. சக்கரம் உருண்டதுதான் வண்டிக்குத் தெரியும், உருட்டியது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்? தம்பி போனை உற்றுப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்குள் பம்பாயிலிருந்து அவன் மேலதிகாரியே கூப்பிட்டுவிட்டார். அவருக்கும் அதே கணக்கு போயிருக்கிறது. எந்த ஏஜெண்டும் இப்படி ஓட்டியதில்லையாம். தமிழ் தெரிந்தவர்தான், என்னிடம் பேச வேண்டும் என்றார்.

"எப்படிம்மா இவ்ளோ கம்மி கரண்ட்ல முடிச்சீங்க?"

பொய் சொல்லி அந்தப் போர்டை வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. "வண்டி நின்னுபோச்சுங்க சார். சார்ஜ் போடற எடத்துல எங்க வூட்டுக்காரரு சந்தனம் வெச்சுட்டாரு. பாதி ரூட்டு ஊர்சனமே தள்ளிகினு வந்தாங்க" என்றேன், ஒரே மூச்சில்.

அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார். மூச்சு வாங்கினார். "உங்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வும்மா" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரித்தார். தம்பி போனை வாங்கி, "சார், மேடம் சொல்றது உண்மை சார், நானே பார்த்தேன்" என்றான். "நீயுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். தம்பி போனைப் பையில் போட்டான். "ரூல்ல தள்ளக்கூடாதுன்னு எங்கயும் இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சைவம் அசைவம் இரண்டையும் சாப்பிட்டான்.

ரூட் என்னிடமே நின்றது. சாக்கெட்டைச் சுத்தம் செய்த பிறகு ஆட்டோ முழுச் சார்ஜில் போய்விட்டு, பிசிறில்லாமல் தானே திரும்பியும் வருகிறது. ஆனால் வழியில் இருக்கிற ஊர்களில் இப்போதும் சலங்கைச் சத்தம் கேட்டால் நாலு பேர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள். "இன்னிக்குத் தள்ளணுங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் முகம் வாடிப்போகிறது. அதற்காகவே டிரைவர் சில நாள் எல்லையில் நிறுத்தி ஒரு தள்ளு வாங்கிக்கொண்டு போகிறான்.

போன மாதம் கம்பெனி புது போர்டு அனுப்பியது. பச்சைக் கலரில் ஒரு இலை படம், நடுவில் கம்பெனி பெயர், கீழே முன்னைவிடப் பெரிய எழுத்தில் என் பெயர். ராத்திரியில் எரிய உள்ளே விளக்குகூட உண்டு. மாட்டிவிட்டு நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் என் வீட்டுக்காரர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார், கையில் கிண்ணம். கம்பெனி பெயருக்கு வைக்கவில்லை, இலைக்கும் வைக்கவில்லை. என் பெயருக்கு முன்னால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கொஞ்சம் தள்ளிச் சாய்ந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

ஈரத்துணி என் தோளில்தான் இருந்தது. அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போர்டு விளக்கின் சுவிட்சில் வைத்ததை மட்டும் அவர் இறங்குவதற்குள் துடைத்துவிட்டேன்.